பரண்மேல் ஒரு பெட்டி டைல்ஸ்

சுங்குவார்சத்திரம் பக்கம் அறை கட்டி வாடகைக்கு விட்டவர்கள் என்றைக்காவது ஒருநாள் கொத்தனாரிடம் கேட்டே ஆகவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. குளியலறையில் நாலு டைல்ஸ் பெயர்ந்துவிட்டது. "அத மட்டும் ஒட்டிட்டா போதுமா, இல்ல மொத்தமா உடச்சுப் புதுசு போட்டுடலாமா?"

கொத்தனார் உடனே பதில் சொல்ல மாட்டார். சட்டைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து ஒவ்வொரு டைலாகத் தட்டிக்கொண்டே போவார். அடியில் சிமெண்ட் முழுதாகப் பிடித்திருந்தால் சத்தம் கனமாக, அடங்கி வரும். பிடிப்பு விட்டிருந்தால் காலிப் பானையைத் தட்டினதுபோல 'டொக்' என்று கேட்கும். "உள்ள பொக்கையா இருக்கு" என்பார். நாலு என்று நினைத்துத்தான் அவரைக் கூப்பிட்டிருப்பார்கள். பொக்கை பன்னிரண்டு இருக்கும்.

எதைச் சரிபண்ணி வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குவது என்பதை நாம் வழக்கமாகக் காசுக் கணக்காகப் பார்க்கிறோம். கொஞ்சம் அக்கறை உள்ளவர்கள் சுற்றுச்சூழல் கணக்கையும் சேர்த்துக்கொள்வார்கள். நான் இங்கே பேச நினைப்பது இன்னொரு கணக்கை. அந்த டைல்ஸ்மேல் தினமும் கால் வைக்கிறவர் ஒருவர். அதை என்ன செய்யலாம் என்று முடிவு எடுக்கிறவர் வேறொருவர். இந்த இருவருக்கும் நடுவில் இருக்கிற கடன் என்ன?

*

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்கும் காஞ்சிபுரத்துக்கும் இடையில் இருக்கிற ஊர் சுங்குவார்சத்திரம். பெயரிலேயே சத்திரம் இருக்கிறது, வழிப்போக்கர்கள் தங்கிப் போகிற இடம். இன்றைக்கும் அந்தப் பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது. சுற்றிலும் போன் ஆலை, டிவி ஆலை, கார் உதிரிபாக ஆலைகள். அவற்றில் வேலை செய்ய மதுரைப் பக்கத்திலிருந்தும் நெல்லைப் பக்கத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வருகிறவர்கள் கொஞ்ச காலம் தங்குகிறார்கள். பிறகு போய்விடுகிறார்கள்.

அந்தப் பக்கத்து அறை ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். முதல் மாடி. ஐந்து பெண்கள். ஷிஃப்ட் மாறி மாறி வருவதால் ஒரே குளியலறை இருபத்து நாலு மணி நேரமும் ஈரமாகவே இருக்கிறது. ஐந்தடிக்கு ஏழடி. தரையில் ஓரடிக்கு ஓரடி டைல்ஸ், மொத்தம் 35. தண்ணீர் போகிற ஓட்டை அருகே இரண்டு விரிசல் விட்டிருக்கிறது. ஒன்றின் முனை தூக்கி நிற்கிறது.

"அண்ணே, பாத்ரூம்ல டைல்ஸ் பேந்துருச்சுண்ணே. கால்ல குத்துது."

"பாத்துக்கலாம்மா. கொத்தனார் வேற சைட்ல இருக்காரு."

யாரும் கெட்டவர் இல்லாத உரையாடல் இது. ஆனாலும் அடுத்த மாதம் இதே இரண்டு வரியை இன்னும் கொஞ்சம் களைப்போடு இவர்கள் திரும்பப் பேசுவார்கள்.

டைல்ஸ் ஏன் பெயர்ந்தது? இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும், ஏனென்றால் 'யார் தப்பு' என்ற கேள்வி இங்கேதான் சிக்கலாகிறது. ஒட்டும்போது டைலின் பின்பக்கம் முழுக்கச் சிமெண்ட் தடவாமல் நடுவில் நாலு உருண்டை வைத்து அழுத்தியிருக்கலாம். வேலை சீக்கிரம் முடியும், ஓரங்கள் காலியாக இருக்கும். இது கட்டினவர் கணக்கு. ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு அதிகம் என்றால் தரையில் வெள்ளையாகப் படியும். அதை எடுக்கப் பெண்கள் ஆசிட் ஊற்றித் தேய்ப்பார்கள். அந்த ஆசிட் கறையோடு நிற்பதில்லை, டைல்ஸ்களுக்கு நடுவில் இருக்கிற சிமெண்டையும் தின்கிறது. இணைப்பு திறந்துகொள்கிறது, தண்ணீர் உள்ளே இறங்குகிறது. டைல்ஸ் பளபளப்பாக இருப்பதால் தண்ணீரைத் தடுப்பது அதுதான் என்று நாம் நம்புகிறோம். உண்மையில் தடுக்கவேண்டியது அதற்கும் கீழே கண்ணுக்குத் தெரியாமல் போடுகிற வாட்டர்ப்ரூஃபிங் பூச்சு. அது இல்லையென்றால், அல்லது விட்டுப்போயிருந்தால், கீழ்வீட்டுக் கூரையில் மஞ்சளாக ஒரு வரைபடம் விரியத் தொடங்கும்.

ஆக, அறையைச் சுத்தமாக வைத்துக்கொள்ள நினைத்தவரின் அக்கறையும் பழுதில் ஒரு பங்கு. உருண்டை வைத்து ஒட்டினவரின் அவசரம் ஒரு பங்கு. நிலத்தடி உப்பு ஒரு பங்கு. கடைசியாக விழுந்த இரும்பு வாளி ஒரு பங்கு. "நீங்க ஆசிட் ஊத்தினதாலதான்" என்று உரிமையாளர் சொல்வது பொய் இல்லை. "நாங்க வர்றதுக்கு முன்னாடியே ஆடிட்டிருந்துச்சு" என்று பெண்கள் சொல்வதும் பொய் இல்லை. குற்றவாளியைக் கண்டுபிடித்த பிறகுதான் பழுதுபார்ப்போம் என்று உட்கார்ந்தால் அந்த டைல் காலத்துக்கும் குத்திக்கொண்டே இருக்கும்.

*

ஒட்டுவதா, மாற்றுவதா? தொழில்நுட்பமாக இதற்குத் தெளிவான பதில் உண்டு. விரிசல் ஒரு டைலோடு நின்று, சுற்றி இருப்பவை கனமாகச் சத்தம் கொடுத்தால் அந்த ஒன்றை எடுத்துப் போட்டால் போதும். விரிசல் நேர்கோடாக நாலைந்து டைல்ஸைத் தாண்டி ஓடினால் கீழே தளம் அசைந்திருக்கிறது என்று சந்தேகப்படவேண்டும். கீழ்க்கூரையில் ஈரம் இருந்தால் குழாயை மூடிவைத்துப் பார்க்கவேண்டும், ஒழுகுவது குழாயா தரையா என்று தெரிய. தரை என்றால் மேலே எதை ஒட்டினாலும் வீண். உடைத்து, வாட்டம் சரிபார்த்து, பூச்சு போட்டு, புதிதாகப் பதிக்கவேண்டும்.

இதெல்லாம் கொத்தனாருக்குத் தெரியும். உரிமையாளருக்கும் ஓரளவு தெரியும். ஆனால் நடப்பது ஒட்டுவதும் இல்லை, மாற்றுவதும் இல்லை. அப்படியே விடுவதுதான் நடக்கிறது. கேள்வியில் சொல்லப்படாத மூன்றாவது விடை அது.

ஏன் விடுகிறோம்? அந்தப் பெண்களின் கணக்கு: இன்னும் ஆறேழு மாதம். ஒப்பந்தம் புதுப்பித்தால் இருப்போம், இல்லையென்றால் ஊருக்குப் போவோம். எவளோ வந்து குளிக்கப்போகிற தரைக்கு நாம் ஏன் காசு போடணும்? உரிமையாளரின் கணக்கும் இதே மாதிரிதான். அறை கட்டின கடன் இருக்கிறது. ஆலை இருக்கிறவரைதான் வாடகை. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியதை இந்த வட்டாரத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. இருக்கும்வரை இருக்கட்டும் என்று அவர் நினைத்தால் அது பேராசை மட்டும் இல்லை, பயமும்தான்.

இரண்டு பேருமே வழிப்போக்கர்களைப்போல யோசிக்கிறார்கள். பழுதுபார்ப்பது என்பது நாளையும் இங்கே ஒருவர் இருப்பார் என்று ஏற்றுக்கொள்வது. அதை ஏற்க இருவருக்கும் தைரியமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், பிரிவு 108. வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லையென்றால், தனக்குத் தெரிந்த, வருகிறவரால் சாதாரணமாகக் கண்டுபிடிக்க முடியாத குறையை உரிமையாளர் முன்கூட்டியே சொல்லவேண்டும். குடியிருப்பவர் இயல்பான தேய்மானம் போக மற்றபடி இடத்தை இருந்தபடியே வைத்திருக்கவேண்டும். உரிமையாளர் செய்யக் கடமைப்பட்ட பழுதை, சொல்லியும் நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால், குடியிருப்பவரே செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளலாம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், குழாய் வாஷரை மாற்றுவது யார் வேலை, குழாயையே மாற்றுவது யார் வேலை என்று அட்டவணை போட்டுப் பிரிக்கிறது.

நூற்று நாற்பது வருஷமாக ஏட்டில் இருக்கிற உரிமை. ஐந்து பெண்களில் யாராவது ஒருத்தி கொத்தனாரைக் கூட்டிவந்து வேலையை முடித்து, "அண்ணே, இந்த மாசம் வாடகைல கழிச்சுக்கங்க" என்று சொல்வதை யோசித்துப் பாருங்கள். அடுத்த மாதம் அவள் வேறு அறை தேடிக்கொண்டிருப்பாள். உரிமை இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு அதே இடத்தில் இருக்கிற பாதுகாப்பு இல்லை.

*

இந்த ஊர்ப் பெயர் உலகச் செய்தியில் அடிபட்ட சமயம் ஒன்றை இங்கே நினைவுபடுத்தவேண்டும். 2021 டிசம்பர். சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் தயாரித்த பெண்கள் தங்கியிருந்த பூந்தமல்லிப் பக்கத்து விடுதியில் சாப்பாடு விஷமானது. 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள், ஆலை நின்றது. பிறகுதான் அவர்கள் தங்கியிருந்த அறைகளைப் பற்றி உலகம் கேட்டது. ராய்ட்டர்ஸ் செய்தியில் வந்தவற்றில் ஒன்று, தண்ணீர் வராத கழிவறைகள். தங்குமிடங்களும் சாப்பாட்டுக் கூடங்களும் தன் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் நிறுவனம் ஒப்புக்கொண்டு ஆலையைக் கண்காணிப்பின் கீழ் வைத்தது. 2022 ஜனவரி 12 அன்று ஆலை மறுபடி திறந்தது.

இதில் கவனிக்கவேண்டியது வரிசை. கழிவறைத் தண்ணீர் ஒரே நாளில் நின்றிருக்காது. யாரோ யாரிடமோ சொல்லியிருப்பார்கள், யாரோ 'பாத்துக்கலாம்மா' என்றிருப்பார்கள் என்று ஊகிக்கப் பெரிய அனுபவம் வேண்டாம். வயிறு கெட்டு, சாலை மறித்து, அமெரிக்காவரை போனபிறகு ஒரு பழுது 'பிரச்சினை' என்ற தகுதியைப் பெறுகிறது.

அதன் பிறகு நல்லதும் நடந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகால் சிப்காட்டில் 18,720 பேர் தங்கக்கூடிய விடுதியை முதலமைச்சர் திறந்துவைத்தார். செலவு 706.50 கோடி ரூபாய். நாட்டில் இவ்வளவு பெரிய தொழிலாளர் தங்குமிடங்கள் அபூர்வம். இதைக் குறைத்துப் பேசுவது அநியாயம். ஒன்றை மட்டும் கேட்டு வைப்போம். அங்கே எத்தனை ஆயிரம் சதுர அடி டைல்ஸ் இருக்கும்? அதில் முதல் டைல் பெயரும்போது யாரிடம் சொல்லவேண்டும், எத்தனை நாளில் ஆள் வருவார்? புதிதாகக் கட்டுவதற்கு ரிப்பன் வெட்டும் விழா உண்டு, கல்வெட்டு உண்டு, புகைப்படம் உண்டு. ஒரு டைலை ஒட்டினதற்கு யாரும் விழா எடுப்பதில்லை. ஒரு அமைப்பு தன் மக்களை மதிக்கிறதா என்று தெரிந்துகொள்ள, விழா எடுக்காத அந்த வேலைகளைத்தான் பார்க்கவேண்டும்.

*

இங்கே ஒரு எச்சரிக்கை. பழுதுபார்ப்பதைப் புனிதமாக்கும் பேச்சு இப்போது இணையத்தில் நிறைய. உடைந்த கோப்பையைத் தங்கப் பூச்சால் ஒட்டுகிற ஜப்பானியக் கின்ட்சுகியைப் பற்றி ஒரு ரீல்ஸாவது நீங்கள் பார்த்திருப்பீர்கள். விரிசல்கூட அழகுதான், காயம்கூட வரலாறுதான் என்கிற தத்துவம். அந்தக் கோப்பையின் சொந்தக்காரருக்கு அது சரி. அவர் விரும்பித்தான் ஒட்டுகிறார், வேண்டாமென்றால் வேறொன்று வாங்கலாம். இரவு ஷிஃப்ட் முடிந்து, எட்டு மணி நேரம் நின்ற காலோடு குளிக்கப்போகிற பெண்ணிடம் போய் விரிசலின் அழகைப் பேசமுடியாது. வாழ்நாள் முழுக்க ஒட்டுப்போட்டதையே உடுத்தி, ஒட்டுப்போட்டதிலேயே சமைத்து வந்தவர்களுக்குப் புத்தம்புது டைல்ஸ் என்பது மரியாதை. அதை ஆசை என்று ஏளனம் செய்ய நமக்கு உரிமை கிடையாது.

அதேசமயம் மாற்றுவதும் இலவசம் இல்லை. நாம் போடுகிற டைல்ஸில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியிலிருந்து வருகிறது. களிமண்ணை ஆயிரம் டிகிரிக்கும் மேலே சுட்டுச் செய்வது. அந்தச் சூளைகளுக்கு நிலக்கரியிலிருந்து வாயு எடுத்த ஆலைகளின் மாசு தாங்காமல், அவற்றை மூடும்படி 2019 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. சுட்ட மண் திரும்ப மண்ணாகாது. உடைத்தெடுத்த டைல்ஸ் பலநேரம் ஏதாவது ஒரு ஏரிக்கரையில்தான் போய் விழுகிறது. நம் வசதியின் விலையை வேறொரு ஊர்க்காரர் மூச்சிலும், நம் ஊர் ஏரியிலும் கட்டுகிறோம்.

ஆகவே 'ஒட்டுவது அறம், மாற்றுவது வீண்' என்றோ அதற்கு நேர்மாறாகவோ ஒரு விதி போடமுடியாது. எப்படி மாற்றுகிறோம் என்பதில் ஏதாவது இருக்கிறதா?

நம் ஊரில் ஒரு பழைய உதாரணம் உண்டு. பத்தாம் நூற்றாண்டில் சோழ அரசி செம்பியன் மாதேவி, செங்கல் கோயில்கள் பலவற்றைப் பிரித்துக் கல்லால் எடுத்துக் கட்டினார். காவிரிக்கரைத் திருக்கோடிக்காவல் அவற்றில் ஒன்று. பழைய கட்டடத்தோடு அதில் இருந்த கல்வெட்டுகளும் போகவேண்டியதுதானே? அவற்றைப் படி எடுத்து, புதுச் சுவரில், இது பழைய கல்லின் நகல் என்று சொல்லியே வெட்டிவைத்தார்கள். விளக்கெரிக்க யாரோ கொடுத்த பொன், யாரோ விட்ட நிலம், எல்லாம் அந்த எழுத்தில் இருந்தது. சுவர் மாறலாம், சுவர் வாங்கியிருந்த கடன் மாறக்கூடாது.

இதைவிட நல்ல விதி எனக்குத் தெரியவில்லை. மாற்று, ஆனால் பழையதன்மேல் இருந்த பொறுப்பையும் புதியதற்கு எடுத்து வை. குளியலறைக்கு இதைப் பொருத்தினால்: ஏன் பெயர்ந்தது என்று தெரியாமல் புது டைல்ஸ் போடாதே. வாட்டம் சரியில்லாத தரைமேல் விலையுயர்ந்த டைல்ஸ் போட்டால் பழைய ஒழுகல்தான் புது உடுப்பில் வரும். ஆட்களுக்குப் பொருத்தினால் இன்னும் கூர்மையாகிறது. குறை சொன்ன குடித்தனக்காரரைக் காலிபண்ணிவிட்டுப் புதியவரை வைப்பதும், வலி சொன்ன தொழிலாளியை நிறுத்திவிட்டு அடுத்த பேட்ச் எடுப்பதும் மாற்றுதல்தான். பழுது அங்கேயே இருக்கிறது, அதைச் சொன்ன வாயை மட்டும் மாற்றியிருக்கிறோம்.

2024 செப்டம்பரில் இதே சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று சங்கத்துக்கு அங்கீகாரம். அந்தப் போராட்டம் பற்றி உங்கள் கருத்து எதுவாக இருந்தாலும், அடியில் இருந்த கேள்வி நம் குளியலறைக் கேள்விதான்: இங்கே நிற்கிற நான் இங்கே என்ன சரியில்லை என்று சொல்லலாமா, சொன்னபிறகும் இங்கேயே நிற்கலாமா?

*

குறுகிய காலம் தங்குகிறவர்கள் எப்படிப் பழுதுபார்ப்பார்கள் என்ற சந்தேகம் மிச்சமிருக்கிறது. இதற்கும் இதே காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே ஒரு பதில் கல்லில் கிடக்கிறது.

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காகப் பள்ளியில் படித்திருப்போம். முதலாம் பராந்தகன் காலம், 919, 921ஆம் ஆண்டுகள். தேர்ந்தெடுத்தது எதற்கு என்பதை அவ்வளவாகக் கவனித்திருக்க மாட்டோம். வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம், ஏரியைப் பார்த்துக்கொள்ள. பதவிக்காலம் 360 நாள். இன்றைய பதினோரு மாத வாடகை ஒப்பந்தத்தைவிட ஒரு மாதம்கூட அதிகமில்லை! கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவுகளுக்கும் மறுபடி இடமில்லை. ஆட்கள் வருஷா வருஷம் மாறினார்கள், ஏரியைப் பார்க்கிற வேலை மாறவில்லை. பொறுப்பு ஆளிடம் இல்லை, இருக்கையில் இருந்தது.

இன்னொரு சொல்லும் கல்வெட்டுகளில் உண்டு: புதுக்குப்புறம். கோயில் பழுதடைந்தால் புதுக்குவதற்கென்றே முன்கூட்டி ஒதுக்கிவிட்ட நிலம். உடைந்தபிறகு யார் காசு போடுவது என்று சண்டை போடவேண்டாம். உடையும் என்று கட்டும்போதே ஒப்புக்கொண்டு, அதற்கு ஒரு துண்டு நிலத்தை எழுதிவைத்துவிட்டார்கள். கோயிலுக்கும் ஏரிக்கும் இருந்த இந்த யோசனை, கூலிக்கு வந்தவர் தங்கும் அறைக்கு அன்றைக்கு இருந்ததா என்று கேட்டால் எனக்கும் சந்தேகம்தான். அன்றைக்கு இல்லாததை இன்றைக்கு நாம் செய்யக்கூடாது என்று யார் சொன்னது?

2024 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியம், வாங்கின பொருளைப் பழுதுபார்த்துக்கொள்வதை நுகர்வோரின் உரிமையாக்கிச் சட்டம் போட்டது. அதில் செல்போனும் அடக்கம். நம் நாட்டிலும் நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் இதற்கு ஒரு குழு அமைத்தது. நல்ல விஷயம். சுங்குவார்சத்திரத்தில் பூட்டப்பட்ட போன் ஒன்றின் உடைந்த திரையை மாற்றிக்கொள்ளும் உரிமை பாரிஸில் ஒருவருக்கு உறுதியாகிறது. அந்தப் போனைப் பூட்டிய கை தினமும் திறக்கிற குழாய்க்குக் கீழே இருக்கிற டைலுக்கும் அதே உரிமை கிடைத்தால் கணக்கு நேராகும்.

அதற்குப் பெரிய புரட்சி ஒன்றும் தேவையில்லை. குடி வரும் அன்றைக்கு இரண்டு தரப்பும் சேர்ந்து ஒரு நாணயத்தால் தரையைத் தட்டிப் பார்த்து, போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். வாடகையில் ஒரு சிறு பங்கை இந்த அறையின் பழுதுக்கு என்று தனியே எழுதி வைக்கலாம், யார் குடி மாறினாலும் அந்தப் பணம் அறையோடு இருக்கும். சொன்ன நாளிலிருந்து இத்தனை நாளுக்குள் ஆள் வரவேண்டும், வராவிட்டால் கழித்துக்கொள்ளலாம் என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதலாம்.

அனுபவமுள்ள கொத்தனார்கள் வீடு கட்டும்போதே சொல்வது ஒன்று உண்டு. "ஒரு பெட்டி கூட வாங்கி வச்சிடுங்க. அப்புறம் இந்த டிசைன் கிடைக்காது." உண்மைதான். டிசைன் வருஷத்துக்கு வருஷம் மாறிவிடும், அதே டிசைன் கிடைத்தாலும் நிறம் ஒரு மாற்றுக் குறைந்திருக்கும். ஒரே ஒரு டைல் கிடைக்காததற்காக 35ஐயும் உடைக்கிற கதை அப்படித்தான் நடக்கிறது. பேச்சைக் கேட்டவர் வீட்டுப் பரணில் அந்தப் பெட்டி தூசி பிடித்துக் கிடக்கும். தன்னுடைய தரை உடையும், அப்போது வேறு யாரோ இங்கே குளித்துக்கொண்டிருப்பார், அவர் கால் நோகக்கூடாது என்று இன்றைக்கே ஒப்புக்கொண்ட பெட்டி அது. நீங்கள் ஒரு அறை கட்டினால், ஒரு பெட்டி கூட வாங்கி வையுங்கள்.